சென்னையில் வீடிழந்த நாய்களுக்கு உதவ நினைக்கிறீர்களா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். காப்பகத்துக்குக் கொடுப்பதா, கருத்தடைக்குக் கொடுப்பதா?" "எங்கள் பிளாட் அசோசியேஷன் ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறது, என்ன செய்யலாம்?" "செங்கல்பட்டு பக்கம் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, ஷெல்டர் ஆரம்பிக்கட்டுமா?" நாய்கள் பற்றி எழுதுகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியும்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தெருவில் திரியும் எல்லா நாயும் ஒரே ரகம் இல்லை. டீக்கடைப் பக்கம் பிறந்து, அதே தெருவில் வளர்ந்து, நாலு வீட்டில் சாப்பிட்டு, இரவில் அதே வாசலில் படுக்கும் நாய் ஒன்று. அதற்குத் தெரு பழக்கம், வண்டி பழக்கம், யார் கல்லெறிவார் என்பதும் தெரியும். இன்னொன்று, நேற்று வரை ஹாலில் படுத்திருந்து, இன்று கழுத்துப் பட்டையோடு ஓஎம்ஆர் சாலையில் இறக்கிவிடப்பட்ட லாப்ரடார். அதற்குத் தெருவில் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். முதல் வகைக்குத் தேவை இனப்பெருக்கத்தை நிறுத்துவது. இரண்டாவது வகைக்குத் தேவை வீடு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நன்கொடைப் பணம் பாதி வீணாகிறது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். மாநகராட்சி 2024 இல் எடுத்த கணக்கில் சென்னையில் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள். 2018 இல் எடுத்தபோது 57 ஆயிரத்துச் சொச்சம். தெருநாய்க் கணக்கு எப்போதும் மதிப்பீடுதான் என்பதால், ஆறு வருடத்தில் சரியாக மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் 2024 கணக்கில், கருத்தடை ஆனவை நாலில் ஒன்றுக்குச் சற்றுத்தான் மேல் என்று தெரிந்தது. நான் கவலைப்படுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

1. இந்தப் பணத்தால் அடுத்த வருடம் தெருவில் எத்தனை நாய்கள் குறையும்? இன்று எத்தனை நாய்க்குச் சோறு கிடைத்தது என்பது வேறு கேள்வி.
2. ஒரு நாய்க்கு ஆகும் செலவு ஒரு தடவையோடு முடிகிறதா, ஆயுள் முழுக்கத் தொடர்கிறதா?
3. அந்த நாய்க்கு அது நல்ல வாழ்க்கையா?
4. அக்கம்பக்கத்து மனிதர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பாதுகாப்பு கூடுகிறதா?
5. சட்டம் இடம் கொடுக்கிறதா?

முதல் கேள்வியைப் பெரும்பாலான நன்கொடையாளர்கள் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் வேறு இடத்துக்குப் பணம் போயிருக்கும்.

## வழி 1: கூண்டு கட்டி வைத்துப் பராமரிக்கும் காப்பகம்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமும் டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பெரிய கிளர்ச்சி எழுந்தது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்று சொன்னது.

ஏன் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பதற்கு ஒரு கூட்டல் கணக்கு போதும். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு, மருந்து, ஆள் கூலி எல்லாம் சேர்த்து வெறும் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசுக்கு நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள முடியாது, இருந்தாலும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18,250 ரூபாய். பத்து வருடம் வாழ்ந்தால் 1,82,500. சென்னையின் 1.81 லட்சம் நாய்களுக்கும் என்றால் வருடத்துக்குச் சுமார் 330 கோடி. நிலமும் கட்டடமும் இதில் சேரவில்லை.

பணத்தைத் தாண்டியும் மறைவான செலவுகள் உண்டு. முதலாவது நோய். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லியான பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் போகாது, பிளீச்சிங் வேண்டும். தடுப்பூசி போடாத இரண்டு மாதக் குட்டி ஒன்று நெரிசலான காப்பகத்துக்குள் போனால், தெருவில் இருந்ததைவிட அங்கே சாகும் வாய்ப்பு அதிகமாகிவிடலாம். இன்னொரு தொற்றுநோயான டிஸ்டெம்பரும் நெரிசலில் அப்படித்தான் பரவும். புதிதாக வருவதைத் தனியே வைக்க இடமில்லாத காப்பகம், எவ்வளவு நல்ல மனசோடு நடந்தாலும், ஆபத்தான இடம்.

இரண்டாவது, வாசல். ஓர் இடத்தில் ஷெல்டர் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்த மாத்திரத்தில் கேட்டருகே அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பிக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். "எங்கேயோ விடுவதற்கு இங்கே விட்டால் பார்த்துக்கொள்வார்கள்" என்று விடுகிறவருக்கு ஒரு சமாதானம். காப்பகம் இல்லாவிட்டால் அவர் ஒருவேளை வேறு வழி யோசித்திருப்பார். ஆக, காப்பகம் சில நாய்களை எடுத்துக்கொள்வதோடு சில நாய்களைக் கைவிடச் சுலபமும் செய்துகொடுக்கிறது.

மூன்றாவது, மாட்டிக்கொள்வது. 100 நாய்க்கு இடம் இருக்கும் காப்பகத்தில் 100 நாயும் வந்த பிறகு, வெளியே போகும் வழி இல்லை என்றால், 101 ஆவது நாய்க்கு அந்தக் காப்பகம் இல்லாததற்குச் சமம். பத்து வருடத்துக்கு அதே 100 நாய்கள். அதனால் ஒரு காப்பகத்தில் எத்தனை கூண்டு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுவதில்லை. ஒரு நாய் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்று கேட்பேன். 20 நாளில் வீடு கண்டுபிடித்து அனுப்பும் 30 கூண்டுக் காப்பகம் வருடத்தில் 500 நாய்களுக்கு மேல் கரை சேர்க்கும். ஆயுள் முழுக்க வைத்திருக்கும் 300 கூண்டுக் காப்பகம், நிறைந்த பிறகு, யாரையும் சேர்க்க முடியாது.

இவ்வளவு சொன்னதால் காப்பகமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. முதுகெலும்பு முறிந்து பின்னங்கால் இழுபடும் நாய், இரண்டு கண்ணும் போனது, கொடுமைப்படுத்திய உரிமையாளரிடமிருந்து போலீஸ் மீட்டது, கடித்த பின் கண்காணிப்பில் வைக்க வேண்டியது: இவற்றுக்கு வேறு இடமே கிடையாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அவற்றை வைக்கவும் இடம் வேண்டியிருக்கிறது. காப்பகத்தை நான் ஆஸ்பத்திரி மாதிரி பார்க்கிறேன். ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரி கட்டாயம் வேண்டும், ஊரையே அதில் குடிவைக்க முடியாது.

## வழி 2: கருத்தடை, தடுப்பூசி, அதே தெருவில் விடுவது

ஏபிசி (Animal Birth Control, விலங்குக் கருத்தடை) என்று எல்லோரும் சொல்லும் திட்டம். இதில் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. பேசின் பிரிட்ஜ் நாய்ப் பட்டியில் மாநகராட்சி மின்சாரம் பாய்ச்சி நாய்களைக் கொன்றதை வயதானவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். நாய் வண்டி வந்தால் தெரு நாய்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடி ஒளிந்த காலம். கேப்டன் வி. சுந்தரம் 1959 இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா தரும் கணக்குப்படி, 1860 இல் ஒரு நாளைக்கு ஒரு நாய் என்ற அளவில்கூட இல்லாத கொலை 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 ஆக ஏறியிருந்தது. நூற்று முப்பது வருடம் கொன்றும் நாய் குறையவில்லை. கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு, அங்கே குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும்வரை, பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். அது கருத்தடை ஆகாததாக இருந்தால் நாலு மாதத்தில் குட்டியும் இருக்கும்.

ப்ளூ கிராஸ் 1964 முதல் கருத்தடையை வலியுறுத்தி வந்தது. கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாநகராட்சி முழுதாக மாறியது 1996 இல். அந்த வருடம் நகரில் வெறிநோயால் 120 பேர் இறந்தார்கள், 2010 இல் ஒருவரும் இல்லை என்பதும் ப்ளூ கிராஸ் தரும் கணக்கே. நாடு முழுவதற்குமான விதிகள் 2001 இல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2023 இல் வந்த புதிய விதிகள்.

செலவு இங்கே ஒரு தடவைதான். பிடிப்பது, அறுவை, தடுப்பூசி, குறைந்தது நாலு நாள் கவனிப்பு, பிறகு பிடித்த அதே இடத்தில் விடுவது. காதில் ஒரு சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஆகிவிட்டது என்று அடையாளம். ஒரு பெட்டை நாய் வருடத்தில் ஒன்றோ இரண்டோ முறை ஈனும், ஒரு தடவைக்கு நாலைந்து குட்டி. பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டும் நோய் வந்தும் செத்துப்போகும். அந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான் ஓர் அறுவை தடுக்கிறது. முதல் அளவுகோலில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை.

ஆனால் இதற்கும் மறைவான விலை உண்டு, அதைச் சொல்லாமல் "கருத்தடைக்குக் கொடுங்கள்" என்று சொல்வது பாதி உண்மைதான்.

சிதறச் செய்தால் பலன் இல்லை. வேளச்சேரியில் பத்து, அம்பத்தூரில் பத்து, மாதவரத்தில் பத்து என்று செய்த முப்பது அறுவைக்கும், ஒரே பேட்டையில் இருக்கும் முப்பது நாய்க்கும் செய்த முப்பது அறுவைக்கும் நிறைய வித்தியாசம். வெறிநோய் பரவாமல் இருக்க 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கருத்தடைக்கும் இங்கே அதே 70 தான் இலக்கு. ஒரு பகுதியில் அந்த அளவைக் குறுகிய காலத்தில் எட்டிவிட வேண்டும். இழுத்தடித்தால் குட்டிகள் முந்திக்கொள்ளும். 2011 இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது வெளிவட்டப் பகுதிகளும் அவற்றின் நாய்களும் சேர்ந்துகொண்டன. ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகள். நாய்க்கு எல்லைக்கல் தெரியாது.

அடுத்து, தடுப்பூசியின் பலன் ஆயுளுக்கு இல்லை. காது வெட்டு இருக்கிறது, ஆகவே வெறிநோய் பயம் இல்லை என்று நினைப்பது தவறு. வருடா வருடம் திரும்பப் போட வேண்டும், அதற்கு அந்த நாயைத் தொட்டுப் பிடிக்கக்கூடிய ஆள் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். தினமும் சோறு வைக்கும் அக்காவோ வாட்ச்மேனோதான் அந்த ஆள். அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு எந்த அசோசியேஷனும் ஏபிசியை முடித்ததில்லை.

அறுவையின் தரமும் முக்கியம். அவசரத்தில் எண்ணிக்கைக்காகச் செய்தால் தையல் பிரியும், புழு வைக்கும். அப்படி ஒரு நாயைப் பார்த்த தெருக்காரர்கள் அடுத்த தடவை வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

முக்கியமான இன்னொன்று: கைவிடப்பட்ட லாப்ரடாருக்கு இந்த வழி எதுவும் செய்யாது. அதைக் கருத்தடை செய்து தெருவில் "திரும்ப விடுவது" திரும்ப விடுவதே இல்லை, இரண்டாம் தடவை கைவிடுவது.

## வழி 3: தத்துக் கொடுப்பதும் தற்காலிக வீடுகளும்

அந்த லாப்ரடாருக்கான வழி இது. கூண்டுக்குப் பதில் யாராவது ஒருவர் வீட்டில் சில வாரம் வைத்துக்கொண்டு, படம் போட்டு, வீடு தேடி அனுப்புவது. ஃபாஸ்டர் வீடு என்பார்கள். கட்டடம் வேண்டாம், பார்வோ பயம் குறைவு, நாயின் குணம் வீட்டுச் சூழலில் தெரியும். "பூனையோடு இருக்குமா, குழந்தையைக் கண்டால் என்ன செய்யும்" என்பதற்குக் கூண்டில் பார்த்த ஆளால் பதில் சொல்ல முடியாது, ஃபாஸ்டர் அம்மாவால் முடியும்.

சென்னையில் இதன் பெரிய முட்டுக்கட்டை வாடகை வீடு. நாய் இருக்கிறது என்றால் பல ஹவுஸ் ஓனர்கள் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்கள். சொந்தப் பிளாட் என்றாலும் அசோசியேஷன் மிரட்டும். செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டு எடுத்துக்கூடத் தடுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 லேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து வைத்திருந்து காட்டியவர்கள் பலர் தப்பித்திருக்கிறார்கள்.

மறைவான செலவு ஆள்களின் நேரம். தத்து எடுக்க வருகிறவரிடம் பேச வேண்டும், வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து விசாரிக்க வேண்டும். சிலர் திருப்பிக் கொடுப்பார்கள், அதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். சுளித்தால் அடுத்தவர் சொல்லாமல் தெருவில் விட்டுவிடுவார். இந்த வேலையைச் செய்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்து ஒதுங்கிவிடுவதும் நடக்கிறது.

ஏமாற்றும் உண்டு. அழகான கோல்டன் ரெட்ரீவர் பெட்டை, கருத்தடை ஆகவில்லை என்று படம் போட்டால் முதலில் வரும் அழைப்புகளில் சில குட்டி வியாபாரிகளுடையவை. இலவசமாக ஒரு ஈற்றுப் பெட்டை. ஆகவே வளர்ந்த நாயைக் கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுக்கும் அமைப்புக்குப் பணம் தராதீர்கள். இரண்டு மாதக் குட்டிக்குப் பெரும்பாலும் அறுவை செய்வதில்லை என்பது நிஜம்தான். அப்படியானால் ஆறு மாதம் ஆனதும் இலவசமாகச் செய்து தருகிறோம் என்று தேதி குறித்து, அந்தத் தேதியில் போன் பண்ணித் துரத்தும் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைத் தத்து முகாமில் கொடுத்த பத்துப் பெட்டைக் குட்டிகளில் சில அடுத்த வருடம் ஆளுக்கு ஐந்து குட்டிகளோடு நிற்கும்.

யாருக்கு வீடு கிடைக்கிறது என்பதும் சமமாக இல்லை. குட்டிகளுக்குக் கிடைக்கும், சீமை நாய்க்குக் கிடைக்கும். கறுப்பு நிற நாட்டு நாய், நாலு வயது, ஒரு கால் இல்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். நம் வெயிலுக்கும் நோய்க்கும் தாங்கும் நாட்டு நாயை விட்டுவிட்டு, ஏசி இல்லாமல் மூச்சுத் திணறும் சைபீரியன் ஹஸ்கியை வாங்கி மொட்டை மாடியில் கட்டும் ஊர் இது. என்ன சொல்ல.

1.81 லட்சத்துக்கு முன்னால் தத்து என்பது சிறிய எண். தெருநாய்ப் பெருக்கத்தை இது குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனி ஒரு நாய்க்கு இதைவிட நல்ல முடிவும் இல்லை.

## வழி 4: வீட்டை விட்டு வெளியேறாமலே தடுப்பது

யாரும் பணம் கொடுக்காத வழி இது. என் கணக்கில் இரண்டாவது இடம் இதற்குத்தான், சில சமயம் முதல் இடம்.

நாயைக் கொண்டுவந்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்களில் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வீடு மாறுகிறார்கள், புது வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை. மகப்பேறு, "குழந்தைக்கு ஆகாது" என்று மாமியார் சொல்கிறார். உண்ணிக் காய்ச்சல் வந்து டாக்டர் செலவு எகிறிவிட்டது. சொறி பிடித்து வீடெல்லாம் நாற்றம். தாத்தா வளர்த்தார், தாத்தா போய்விட்டார். இவற்றில் பாதிக்கு மேல் ஒரு மாத அவகாசம், ஒரு மருந்துச் சீட்டு, ஒரு தொலைபேசிப் பேச்சில் தீரக்கூடியவை என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் சொல்வது.

லாஸ் ஏஞ்சலஸில் டவுன்டவுன் டாக் ரெஸ்க்யூ என்ற அமைப்பு, ஏழைகள் அதிகம் வாழும் தெற்குப் பகுதியின் அரசுக் காப்பகத்தில் 2013 முதல் ஒரு காரியம் செய்தது. நாயை ஒப்படைக்க வரிசையில் நிற்பவரிடம் ஓர் ஆள் போய் "ஏன்?" என்று கேட்பார். தடுப்பூசிக் காசா, வேலி உடைந்ததா, ஹவுஸ் ஓனர் கேட்கும் கூடுதல் டெபாசிட்டா? அந்த ஒரு தடையை மட்டும் நீக்கிக் கொடுத்தால், நாயோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். காப்பகத்துக்கும் ஒரு கூண்டு மிச்சம்.

நம் ஊரில் இதற்குத் தனி அலுவலகம்கூடத் தேவையில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கும் என்பது தெரியாமல் நாயைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்கள் உள்ளன. இரண்டு வாரம் நாயை வைத்துக்கொள்ளும் ஒரு வீடு, பெரிய மருந்துச் செலவில் பாதியை ஏற்கும் ஒரு சிறு நிதி, ஹவுஸ் ஓனரிடம் பேசத் தெரிந்த ஒருவர். அவ்வளவுதான்.

மைக்ரோசிப்பும் (உரிமையாளர் விவரத்தைக் காட்ட நாயின் தோலுக்கடியில் வைக்கும் சிறு சில்லு) நாய் வளர்க்கும் உரிமமும் இதில்தான் சேரும். தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடிய நாய்கள் அடுத்த நாள் காலையில் "கைவிடப்பட்டவை" ஆகிவிடுகின்றன. சிப் இருந்தால் ஒரு ஸ்கேனரில் வீடு தெரிந்துவிடும். மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறது, கட்டணம் 50 ரூபாய். இதோடு ஒரு வேடிக்கை: விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 இன்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதற்கு முதல் தடவைக்கான அபராதமும் அதிகபட்சம் 50 ரூபாய்தான். அறுபது வருடத்துக்கு மேலாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. அதனால்தான் சிப் முக்கியம் என்கிறேன்: அபராதத்துக்குப் பயப்படாதவரும் தன் பெயர் வெளியே வருவதற்குப் பயப்படுவார்.

இதன் குறைகள்? படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது. கைவிடப்படாத நாயை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் நன்கொடை திரட்டுவது கடினம். பணம் தவறாகப் போகவும் வாய்ப்பு உண்டு, ஆகவே கையில் ரொக்கம் தராமல் மருத்துவரிடமோ கடையிலோ நேராகக் கட்டுவது நல்லது. அப்புறம், எல்லா நாயும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அடித்துக் கட்டிப்போடும் வீட்டில் நாயைத் தக்கவைப்பது உதவி ஆகாது.

## சோறு போடுவது மட்டும்?

நிறைய பேர் இதற்குத்தான் மாதாமாதம் தருகிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் தனியாக நின்றால் எண்ணிக்கையைக் குறைக்காது. சோறு வைக்கும் ஒவ்வொரு நாய்க்கும் கருத்தடை ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்தால் வழி 2 க்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. 2023 விதிகளின்படி, குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு தவிர்த்து ஓர் இடத்தைக் குடியிருப்போர் சங்கமே குறித்துக் கொடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | காப்பகம் | கருத்தடை | தத்து, ஃபாஸ்டர் | வீட்டிலேயே தக்கவைத்தல் |
|---|---|---|---|---|
| அடுத்த வருட எண்ணிக்கை | அநேகமாக மாறாது | அதிகம் குறையும், ஒரே பகுதியில் செய்தால் | கொஞ்சம் | கைவிடப்படுவது குறையும் |
| செலவு | ஆயுள் முழுக்க | ஒரு தடவை, தடுப்பூசி மட்டும் வருடாவருடம் | சில வாரங்கள் | ஒரு தடவை, சிறு தொகை |
| நாயின் வாழ்க்கை | இடத்தைப் பொறுத்தது | பழகிய தெரு | மிக நல்லது | நல்லது, வீடு நல்லதாக இருந்தால் |
| மனிதர் பாதுகாப்பு | கடிக்கும் நாய்க்கு அவசியம் | வெறிநோய் குறையும், கடி மெதுவாகக் குறையும் | பாதிப்பில்லை | மறைமுக உதவி |
| மறைவான விலை | நோய், வாசல் பெட்டிகள், நிரம்பிவிடுவது | சிதறல், தரம் | ஆள் களைப்பு, வியாபாரிகள் | நன்கொடையாளர் கண்ணில் படாது |

சட்டத்துக்குத் தனி வரிசை போடவில்லை. நான்கும் சட்டப்படி சரியானவை. ஒன்று மட்டும்: தெருநாயைத் தனியார் ஆள் வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது எந்த வழியிலும் சேராது, சட்டமும் அனுமதிக்காது. சில அசோசியேஷன்கள் ரகசியமாக இதற்குத்தான் பணம் திரட்டுகின்றன.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

மாதம் இரண்டாயிரம் தரும் தனிநபர்: பாதியை உங்கள் பகுதியில் வேலை செய்யும் கருத்தடை அமைப்புக்கு, மீதியை வழி 4 க்கு. வழி 4 க்குத் தெரிந்த அமைப்பு இல்லையென்றால் பணத்தை வைத்திருங்கள். ஆறு மாதத்துக்குள் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே "நாயை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா" என்று ஒரு செய்தி வரும். அப்போது "ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அந்தக் காரணத்துக்குச் செலவழியுங்கள்.

குடியிருப்போர் சங்கம்: வேறு யோசனையே வேண்டாம், வழி 2. வளாகத்துக்குள் மட்டும் செய்யாமல் சுற்றியுள்ள நாலு தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டைகள் முதலில். சோறு வைப்பவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பட்டியல் அவரிடம்தான் இருக்கும். குழந்தைகளைத் துரத்திக் கடிக்கும் குறிப்பிட்ட நாய் இருந்தால் அதைத் தனியாக மாநகராட்சியிடம் புகார் செய்யுங்கள். "எங்கள் தெருவில் எல்லா நாயும் கடிக்கிறது" என்ற புகாரால் எந்தப் பலனும் இல்லை. நிறம், இடம், நேரம் சொன்ன புகாருக்கு உண்டு.

நேரம் இருக்கிறது, பணம் இல்லை என்பவர்: வழி 3. ஒரு சமயத்தில் ஒரு நாய். இரண்டாவதை எடுக்கும் ஆசையை அடக்குங்கள்.

செங்கல்பட்டில் அரை ஏக்கர் வைத்திருப்பவர்: தயவுசெய்து ஷெல்டர் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு வயதாகும், உடம்புக்கு முடியாமல் போகும், நாய்கள் அங்கேயே இருக்கும். நிறுவியவர் படுத்ததும் நிலைகுலைந்த காப்பகங்கள் எந்த ஊரிலும் உண்டு. அந்த இடத்தை ஏற்கெனவே இயங்கும், விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்புக்கு, அறுவைக்குப் பிந்தைய கவனிப்புக் கூண்டுகள் கட்டக் கொடுங்கள். ஒரு கூண்டில் வாரத்துக்கு ஒரு நாய் என்றாலே, பத்துக் கூண்டில் வருடத்துக்கு ஐந்நூறு நாய்களுக்கு இடம் கிடைக்கும். அறுவை செய்ய டாக்டர் இருந்தும் பிறகு படுக்க வைக்க இடம் இல்லாமல் எண்ணிக்கை தேங்கி நிற்பது பல இடங்களில் நடக்கிறது.

காப்பகத்துக்குத்தான் கொடுப்பேன், மனசு அதில்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் தடையில்லை. கொடுக்கும் முன் ஒரு தடவை நேரில் போங்கள், முன்னறிவிப்போடு போனாலும் பரவாயில்லை. போன மாதம் எத்தனை உள்ளே வந்தன, எத்தனை வெளியே போயின, போனவை எப்படிப் போயின என்று கேளுங்கள். செத்தவற்றின் எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்கிற இடம் நம்பகமானது. இடைவிடாமல் அடிபட்டும் புழுத்தும் வரும் நாய்களை எடுத்துக்கொள்ளும் இடத்தில் சாவு இல்லை என்று சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். புதுக் குட்டிகளுக்குத் தனி அறை இருக்கிறதா, கருத்தடை இல்லாமல் வளர்ந்த நாயைக் கொடுப்பார்களா, கொடுத்ததைத் திரும்ப வாங்குவார்களா என்றும் கேளுங்கள். "இடம் இல்லை, இப்போது எடுக்க முடியாது" என்று அவர்கள் சில சமயம் சொல்வதுண்டா என்று கடைசியாகக் கேளுங்கள். சொல்வதுண்டு என்றால், உள்ளே இருக்கும் நாய்களைக் கணக்குப் போட்டுத்தான் நடத்துகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.